துண்டின் விலை

ஓய்லி காலை ஒன்பதுக்கு அழைத்தாள்.
"துண்டு வாடகை இன்றிலிருந்து நான்கு யூரோ.
திரையில் இன்னும் மூன்றுதான் காட்டுகிறது.
மாற்றிவிடு. பத்து மணிக்குத்தான் சவுனா திறக்கிறோம்,
அவசரமில்லை."

தம்பெரே நகரத்து நவம்பர்.
ஏரியின் மேல் வெளிச்சம்
அரைமனதாய் ஏறிக்கொண்டிருந்தது.
காப்பி ஆறுவதற்குள் முடித்துவிடுவேன் என்றேன்.

மடிக்கணினி புதிது.
எல்லாவற்றையும் இறக்க வேண்டியிருந்தது,
ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பொதிகள்.
அவற்றில் ஒன்றுக்கு வேலை
இன்று சனிக்கிழமையா என்று சொல்வது.
அது இன்னொன்றைக் கேட்கிறது:
நேற்று வெள்ளியா?

பிறகு கன்டெய்னர்கள் எழுந்தன.
வந்ததும் வராததுமாய்
நினைவகத்தில் துண்டு போட்டு இடம் பிடித்தன.
விசிறியின் இரைச்சலுக்குக்
கீழ்வீட்டு நாய் பதில் சொன்னது.

முன்பு ஒரே கோப்பு, முந்நூறு வரி.
அதில் ஒரு வரி துண்டு.
இப்போது பதினொரு சேவைகள்.
பலகைக்கு ஒன்று, பூட்டுக்கு ஒன்று,
துண்டுக்கு ஒன்று,
துண்டின் விலைக்கு வேறொன்று.
துண்டு துண்டாய் வெட்டிவிட்டு
அவை தமக்குள் பேசிக்கொள்ள
நடுவில் ஒரு தபால் நிலையம் கட்டி,
தபால் தொலைந்தால் தேட ஒரு காவலை நிறுத்தி,
காவல் உறங்கினால் எழுப்ப
ஒரு மணியும் தொங்கவிட்டிருக்கிறோம்.
மணி அடித்தால் என் கைபேசி அலறும்,
பெரும்பாலும் இரவு மூன்றுக்கு.

பதினொன்றரைக்கு விலை அகப்பட்டது.
மூன்றை அழித்தேன். நான்கு என்று அடித்தேன்.
பைப்லைன் சிவந்தது.
பதினேழாம் வரியில்
இரண்டு இடைவெளி இருக்க வேண்டிய இடத்தில் மூன்று.
திருத்தினேன். சிவந்தது.
டோக்கன் காலாவதி.
ஒப்புதல் தர வேண்டிய யால்மரி
வடக்கே, சிக்னல் எட்டாத ஒரு குடிலில்
மீன் சுட்டுக்கொண்டிருந்தார்.

சுண்டைக்காய் கால்பணம்,
சுமைகூலி முக்கால்பணம்.
இங்கே சுண்டைக்காய் ஒரு யூரோ.
சுமைகூலியை
மாதக் கடைசியில் மேகம் அனுப்பும்.

காத்திருந்த நேரத்தில்
யார் இப்படி வெட்டியது என்று வரலாற்றைப் புரட்டினேன்,
சம்ப்சாவைத் திட்டியபடியே.
அவன் பெர்லின் போய் இரண்டு வருடம்,
திட்டுவது சுலபம்.
பெயர் சம்ப்சா இல்லை.
என்னுடையது.
குறிப்பு: "எளிமையாக்கம், முதல் கட்டம்."
இரண்டாம் கட்டம் எங்கும் இல்லை.

அந்தக் கூட்டம் நினைவிருக்கிறது.
பத்து லட்சம் பேர் வந்தால் என்ன செய்வோம் என்று
பச்சை மையால் பலகையில் எழுதினேன்.
எல்லோரும் தலையாட்டினார்கள்.
எங்கள் சவுனாவில்
முழங்கால் இடிக்க உட்கார்ந்தால்
இருபத்திரண்டு பேர்.

மூன்றரைக்குச் சூரியன் வேலை முடித்துப் போய்விட்டது.
யால்மரி ஆறு மணிக்கு மலை ஏறி ஒப்புதல் தந்தார்.
பச்சை.
நானே நேரில் போனேன், வேண்டுமென்றே துண்டு இல்லாமல்.

திரையில் நான்கு.
ரசீதில் மூன்று.
ரசீதுச் சேவை
விலையைத் தன்னிடமே ஒரு பிரதி வைத்திருக்கிறதாம்.
"ஒரு யூரோ துண்டு விழுகிறதே" என்றாள் ஓய்லி.
காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து
மூன்றின் மேல் நான்கு என்று எழுதி
என்னிடம் நீட்டினாள்.
காலையிலிருந்து அவளிடம்
அப்படி ஒரு கட்டு.

மேல்பலகையில் உட்கார்ந்தேன்.
கல், விறகு, தண்ணீர்.
யாரும் எதுவும் பேசவில்லை.
ட்ராம் ஓட்டுநர் சூலோ ஒரு அகப்பை ஊற்றினார்,
சூடு காது மடலைக் கவ்வி இறங்கியது.

கொஞ்சம் கழித்து அவர் கேட்டார்:
"வீட்டிலிருந்தே இந்தச் சூடு எவ்வளவு என்று
கைபேசியில் பார்க்க முடியுமா?"

கதவருகே ஒரு வெப்பமானி
ஆணியில் தொங்குகிறது என்று சொல்லத்தான்
வாயைத் திறந்தேன்.
அதற்குள் என் தலைக்குள்
நான்கு கட்டங்கள் வரைந்து
அம்புக்குறியும் போட்டாகிவிட்டது.